பழைய லேப்டாப்பும் 700 ரூபாய் ராமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கணக்குப் பதிவுப் பொறுப்பில் உள்ள இரு உறுப்பினர்கள் பேசியது. அன்று வர இயலாத சகோதரிகளுக்காக எழுத்தில் தருகிறோம்.)



மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். ரொக்கப் புத்தகமும் கடன் பேரேடும் எழுதிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்போம். தலைவி அக்காதான், "நீங்க செஞ்சதைத்தானே சொல்லப் போறீங்க, தப்பு பண்ணதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று முன்னால் தள்ளிவிட்டார். ஆகவே தப்பையும் சேர்த்தே சொல்கிறோம்.

2024ஆம் ஆண்டு ஆடி மாதம். நம் குழு ஒன்றிலிருந்து ஒரு அக்கா கடன் மனு கொண்டுவந்தார். தொகை 38,000 ரூபாய். காரணம், மகளுக்கு லேப்டாப். பெண் கல்லூரியில் பி.காம் படிக்கிறாள். வீட்டிலேயே விண்ணப்பம், ரசீது டைப் அடித்துக் கொடுத்து, தன் பஸ் செலவுக்கு அவளே சம்பாதிக்கிறாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கிறது. மூத்த பெண் பிளஸ் டூ படித்தபோது 2014ல் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. "அதை ஆன் பண்ணிட்டு சோறு வடிச்சிட்டு வரலாம் அக்கா, அப்பவும் திறந்திருக்காது" என்றார் அந்த அக்கா. டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "இது செத்த மெஷின், புதுசு வாங்கிக்குங்க" என்று திறந்துகூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 38,000 ரூபாயை 24 மாதத்தில் கட்டுவதென்றால் அசல் மட்டும் மாதம் 1,583 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் முதல் மாதம் 380 ரூபாய் வட்டி. கிட்டத்தட்ட 2,000 ரூபாய். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மாட்டுக் கடன் ஓடுகிறது. குழு கொடுக்காவிட்டால் தோட்டைக் கழற்றி அடகு வைப்பதாக முடிவு செய்துகொண்டுதான் அவர் வந்திருந்தார். அதைக் கேட்டதும் எங்களுக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வாரம் டைம் கொடுங்க, அந்த லேப்டாப்பை நாங்க ஒரு தடவை பார்த்துடறோம்" என்றோம். கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்தவர்களா என்றால் இல்லை. எங்களில் ஒருவரின் தம்பி முன்பு ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவர். போனில் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம், அவ்வளவுதான்.

முதலில் ராம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறோம். எங்களுக்கே அன்றுதான் புரிந்தது.

நம் வீட்டில் பரண் இருக்கிறது, அடுப்படியில் திட்டு இருக்கிறது. அரிசி, பருப்பு, பெரிய பாத்திரம் எல்லாம் பரணில் இருக்கும். இன்றைய சமையலுக்கு வேண்டியதை மட்டும் இறக்கித் திட்டில் வைத்துக்கொள்கிறோம். திட்டு பெரிதாக இருந்தால் எல்லாம் கைக்கு எட்டும். ஒரு சாண் திட்டாக இருந்தால்? கடுகை எடுக்க மிளகாயை மேலே ஏற்றணும், மிளகாயை எடுக்க கடுகை ஏற்றணும். நாள் முழுக்க ஏணியிலேயே நிற்போம். லேப்டாப்பில் பரண்தான் ஹார்டு டிஸ்க். போட்டோ, பாட்டு, ஃபைல் எல்லாம் அங்கே இருக்கும். திட்டுதான் ராம், மெமரி என்றும் சொல்வார்கள். திட்டு போதவில்லையென்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத்தான் நாம் "ஸ்லோ ஆயிடுச்சு" என்கிறோம்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் சில ஆண்டுகள் வந்தவற்றில் பலவற்றுக்கு 2 ஜிபி ராம்தான். அன்றைய வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு அதே மெஷினில் யாரோ விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த விண்டோஸ் தனக்கே பெரும்பாதித் திட்டை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பிரவுசரில் ஒவ்வொரு டேப் திறப்பதும் நூறு எம்பி, இருநூறு எம்பி என்று தின்னும். மெஷின் செத்துப்போகவில்லை. அதன் தலையில் ஏற்றிய சுமைதான் கூடிவிட்டது.

திறப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. இதற்குக் காசு கிடையாது. லேப்டாப்பை ஓட விட்டு, தினமும் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பெட்டி வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற இடத்தில் மெமரியைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் 2 ஜிபியில் 1.8 ஜிபி நிரம்பியிருந்தது. பக்கத்திலேயே டிஸ்க் நூறு சதவீதம் என்று காட்டியது. ஏணியில் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. உங்கள் லேப்டாப்பில் மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் ஸ்லோ என்றால் ராம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. இதைச் சோதிக்காமல் ராம் போட்டுவிட்டு ஒரு மாற்றமும் இல்லை என்று சொன்னவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அதே இடத்தில் கீழே "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2" என்று இருந்தது. ராம் செருகும் இடம் இரண்டு, ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது, ஒன்று காலி என்று அர்த்தம். எங்களுக்குப் பாதி உயிர் வந்தது. சில லேப்டாப்பில் ஒரே இடம்தான் இருக்கும். அதில் இருப்பதைக் கழற்றிவிட்டுப் பெரிதாகப் போடணும். இன்னும் சிலவற்றில், அதிலும் மெல்லிசாக வரும் மாடல்களில், ராமைப் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அதில் நாம் ஒன்றும் செய்வதற்கில்லை.

இன்னொன்றும் பார்க்கணும். விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று சிஸ்டம் விவரத்தில் எழுதியிருக்கும். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது. இந்த லேப்டாப்பில் 64 என்று இருந்தது, நாங்கள் தப்பித்தோம். பிறகு வேறொரு குழுத் தங்கை 8 ஜிபி வாங்கிப் போட்டுவிட்டு, மூன்று ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது என்று அழாத குறையாக வந்தாள். காரணம் இதுதான். விண்டோஸை மாற்றிப் போட்ட பிறகு முழுசும் காட்டியது.

இனி எங்கள் தப்பு. எங்களில் ஒருவர் டவுனுக்குப் போன வேகத்தில் ஒரு கடையில் நுழைந்து, "டிடிஆர்3, 4 ஜிபி ராம் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டோம். போனில் தம்பி சொன்னதை அப்படியே சொன்னோம். கடைக்காரர் ஒன்றை எடுத்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார், 450 ரூபாய். பில் வேண்டுமா என்றார். வரி சேரும் என்றதால் வேண்டாம் என்றுவிட்டோம். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், வாங்கி வந்தது அந்த இடத்தைப் போல் இரண்டு பங்கு நீளம்! அது மேஜைக் கம்ப்யூட்டருக்கான ராம். திரும்பப் போனோம். பில் இல்லையே என்றார்கள். போனது போனதுதான்.

அடுத்த கூட்டத்தில் அந்த 450 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பேச்சு வந்தது. பொதுச் செலவில் எழுதலாம் என்று சிலர் பரிந்து பேசினார்கள். ஒரு மூத்த அக்கா எழுந்து, "பில் இல்லாத செலவை நம்ம நோட்டுல ஏத்தக் கூடாதுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே" என்றார். சரிதானே? ஆளுக்கு 225 ரூபாய் கைக்காசில் போட்டோம். அந்த ராம் இதோ எங்கள் கையில் இருக்கிறது. லேப்டாப் ராமும் ஒன்று வைத்திருக்கிறோம். இரண்டையும் வரிசையாகக் கை மாற்றிப் பாருங்கள், ஓரத்தைப் பிடித்து. நீளமானது 13 செ.மீ., குட்டையானது 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து அளந்தோம்.

அதில் ஒட்டியிருக்கும் சீட்டையும் படியுங்கள். பிசி3 என்று இருந்தால் டிடிஆர்3, பிசி4 என்று இருந்தால் டிடிஆர்4. ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகாது. அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அமுக்கிப் பார்த்தால் உடைந்துவிடும். பிசி3க்குப் பக்கத்தில் எல் என்று ஓர் எழுத்து இருந்தால் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது என்று பொருள். சாதா டிடிஆர்3 1.5 வோல்ட், எல் போட்டது 1.35 வோல்ட். எல் கேட்கும் லேப்டாப்பில் சாதாவைப் போட்டால் சிலது ஆன் ஆகாது. எல் போட்டதைப் பெரும்பாலும் இரண்டிலும் போடலாம். எண்ணுக்குப் பின்னால் எஸ் என்று இருந்தால் லேப்டாப்புக்கு, யு என்று இருந்தால் மேஜைக் கம்ப்யூட்டருக்கு. ஆர் என்று இருப்பது பெரிய சர்வர்களில் இருந்து கழற்றியது. ரொம்ப மலிவாகக் கொடுப்பார்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை செய்யாது.

இவ்வளவும் ஞாபகம் வைக்க முடியாதே என்கிறீர்களா? வேண்டாம். ரவிக்கைத் துணி மேட்ச் பார்க்க சேலையைக் கையோடு எடுத்துப் போகிறோமே, அதைப் போல இருக்கிற பழைய ராமைக் கழற்றி ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். இரண்டாம் தடவை நாங்கள் அதைத்தான் செய்தோம். வேறு கடை. அங்கிருந்த பெரியவர் சீட்டைப் படித்துவிட்டு, லேப்டாப் மாடல் எண்ணையும் கேட்டு, எவ்வளவு வரை அது ஏற்கும் என்று பார்த்துச் சொன்னார். யாரோ பயன்படுத்திய 4 ஜிபி, 700 ரூபாய். புதுசு அதைவிடக் கூட. பழசு போதும் என்றோம். ராம் என்பது தேயும் பொருள் இல்லை, ஓடிக்கொண்டிருந்த பழசு நன்றாகவே ஓடும். ஆனால் பில்லும், பதினைந்து நாளில் கோளாறு வந்தால் மாற்றித் தருவதாக அதன் பின்னால் கையெழுத்தும் வாங்கினோம். அதில் மட்டும் இந்தத் தடவை விடவில்லை.

மாட்டும் வேலை பத்து நிமிஷம்தான். பயம்தான் ஒரு மணி நேரம். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பைத் திருப்பி, பேட்டரியைக் கழற்றி, ஆன் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தோம், மிச்ச மின்சாரம் போவதற்காக. அன்றைக்கு இருவரும் நூல் சேலைதான் கட்டியிருந்தோம். நைலக்ஸ், பாலியெஸ்டர் உரசினால் உடம்பில் லேசாக மின்சாரம் ஏறும். நமக்குத் தெரியாது, அந்தச் சில்லுக்கு அது போதும் கெட்டுப்போக. தொடுவதற்கு முன் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொண்டோம். அடிமூடியின் திருகுகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்தோம். ராமைச் சாய்த்துச் செருகி, தங்க நிறப் பற்கள் உள்ளே போனதும் கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் கொக்கி டக்கென்று பிடித்தது.

மூடினோம், ஆன் செய்தோம். திரை கறுப்பு. ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் எங்கள் முகத்தைப் பார்க்கிறாள். அவள் அம்மா வாசல்படியில் நிற்கிறார். இருந்த மெஷினையும் கெடுத்துவிட்டோமோ என்று எங்களுக்குக் கை நடுங்கிவிட்டது. தம்பிக்குப் போன் போட்டால் அவர் சிரிக்கிறார். "அக்கா, கழட்டி, அந்தப் பல்லை பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சு, தூசிய ஊதி, மறுபடி நல்லா உள்ள தள்ளிப் போடுங்க" என்றார். போட்டோம். வந்துவிட்டது! 6 ஜிபி என்று காட்டியது. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூடும் என்றார், 2ம் 4மாக இருந்தாலும் ஓடுவதற்குத் தடையில்லை. வேகம் வேறு வேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். பழைய ராம் வாங்கினவர்கள் விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையையும் அந்த வாரமே ஓட்டிவிடுங்கள். கடைக்காரர் கொடுத்த நாள் முடிந்த பிறகு கண்டுபிடித்துப் பிரயோஜனமில்லை.

முன்பு திறக்க ஆறு நிமிஷம் ஆனது மூன்று நிமிஷத்துக்குள் வந்தது. கணக்குப் பாடத்தின் எக்செல்லும் பிரவுசரும் சேர்ந்தே ஓடின. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், திறக்கும் நேரம் இன்னும் அவளுக்குப் பொறுமையைச் சோதித்தது. பரண் பழசு. சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க். இரண்டு மாதம் கழித்து அந்த அக்கா 2,000 ரூபாய் உள்கடன் எடுத்தார். அதில் எஸ்எஸ்டி என்கிற சுழலாத டிஸ்க் 1,400, கடையில் மாற்றி விண்டோஸ் போட்ட கூலி 300. இப்போது ஒரு நிமிஷத்துக்குள் திறக்கிறது. ஆக ராம், டிஸ்க், கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். கையில் 4 ஜிபி இருந்தும் ஸ்லோ என்பவர்கள் முதலில் எஸ்எஸ்டி போடுவதே நல்லது என்பது எங்கள் எண்ணம். 2 ஜிபிக்காரர்களுக்கு முதலில் ராம்.

எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. இன்னொரு அக்கா கொண்டுவந்த லேப்டாப்பில் ராமைப் பற்றவைத்திருந்தார்கள். அதில் ஆன் ஆகும்போதே தானாகத் திறக்கும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினோம், இரண்டு ஆண்டி வைரஸ் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, ஒன்றை எடுத்தோம். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். நம் ஆபீஸ் மேஜைக் கம்ப்யூட்டரில் இருப்பது டிடிஆர்2. அவ்வளவு பழசுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்று நாங்களே விட்டுவிட்டோம்.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நாங்கள் சொன்னதெல்லாம் 2024 விலை. உலகத்துக்கு வேண்டிய ராமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் பெரிய கம்ப்யூட்டர் மையங்கள் சரக்கை அள்ளிக்கொண்டு போனதால் 2025ஆம் ஆண்டு கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் கம்பெனி, கடைகளில் விற்கும் தன் க்ரூஷியல் ராம் வியாபாரத்தை விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால் "அக்கா 700னு சொன்னாங்க" என்று கடையில் சண்டைக்கு நிற்காதீர்கள். மூன்று கடையில் கேளுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெருவில் விசாரிக்கச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டில் உடைந்து கிடக்கும் இன்னொரு லேப்டாப்பில் இருக்கும் ராமே பொருந்தலாம். அதையும் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் வழக்கமாகக் கொடுப்பதை அந்தக் கம்பெனி 2025 அக்டோபர் 14ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இந்தப் பழைய லேப்டாப்கள் தகுதியாகாது, ராம் கூட்டினாலும் ஆகாது. ஆகவே பாடம், டைப்பிங் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, பணம் அனுப்புவது இவற்றை அதில் செய்யாதீர்கள். லினக்ஸ் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, பழைய மெஷினில் இலகுவாக ஓடும். அதை அந்தப் பெண் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளையே இன்னொரு நாள் பேச வைக்கிறோம்.

கடையில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் முதலில் பிள்ளைகளின் போட்டோ, ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மெஷினில் இருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள். உள்ளே இருக்கும் ராமின் சீட்டையும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனது ஒன்று, வந்தது ஒன்று என்று ஆகக் கூடாது. பெண்பிள்ளை லேப்டாப் என்றால் பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்க வேண்டாம், கூடவே உட்கார்ந்து செய்து வாங்கி வாருங்கள். முடியாது என்று சொல்லும் கடையை விட்டுவிடுங்கள்.

அந்த 38,000 ரூபாய் மனுவின் மேல் "விண்ணப்பதாரர் திரும்பப் பெற்றார்" என்று எழுதி, அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தீர்மான நோட்டில் பார்க்கலாம். 2,000 ரூபாய் கடன் மாதம் 200 வீதம் பத்து மாதத்தில் முடிந்தது.

அடுத்த கூட்டத்துக்கு லேப்டாப் கொண்டுவருகிறவர்கள் சார்ஜரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், சென்ற தடவை மூன்று பேர் மறந்துவிட்டார்கள். சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது, யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்து வாருங்கள். இப்போது சுற்றில் போயிருக்கும் இரண்டு ராமையும் திருப்பி எங்களிடம் கொடுத்துவிடுங்கள். நீளமானது கூட்டமைப்பு ஆபீஸ் டிராயரில்தான் இருக்கும், கடைக்குப் போகுமுன் பார்த்துவிட்டுப் போக நினைப்பவர்கள் வரலாம்.